சிங்கப்பூர்க் கோடு

போன மாதம் மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக்கடை வாசலில் கொஞ்ச நேரம் நான் திருடியாக இருந்தேன். பணம் கட்டிவிட்டுப் பையோடு வெளியே வரும்போது, வாசலுக்கு இரண்டு பக்கமும் நிற்கிற வெள்ளைச் சட்டங்கள் அலறின. காவலாளி ஓடிவந்து, "அக்கா, தப்பா நெனைக்காதீங்க, பையக் கொஞ்சம் காட்டிட்டுப் போங்க" என்றார். தப்பாக நினைப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர், என்னை மட்டும் அப்படி நினைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது. பில் போட்ட பெண், நான் வாங்கிய சேலையின் உள்மடிப்பிலிருந்த திருட்டுத்தடுப்பு வில்லையை எடுக்க மறந்திருந்தாள். அதைக் கண்டுபிடிக்கும்வரை என் சொந்த மகள் என்னைவிட்டுச் சற்றுத் தள்ளியே நின்றாள். நாளைக்குச் சாட்சி சொல்ல வேண்டி வந்தால் வசதியாக இருக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

வீட்டுக்கு வந்ததும், அவமானப்பட்ட படித்தவர்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். அதாவது, அதைப் பற்றி உட்கார்ந்து வாசித்தேன். இந்த ரேடியோ வில்லையின் முன்னோர் போரில் பிறந்திருக்கிறார்கள். வானத்தில் வருகிற விமானம் நம்முடையதா எதிரியுடையதா என்று தரையிலிருந்து ரேடியோ அலையில் கேட்க, விமானத்துக்குள் இருக்கும் கருவி தானாகவே 'நான் உங்கள் ஆள்' என்று பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சுட்டுவிடுவார்கள். ஆக, சந்தேகம்தான் அதற்குத் தாய்வீடு. அதன் அண்ணன், சாமான்களின் முதுகில் அச்சடிக்கிற கறுப்புக் கோடு, அதாவது பார்கோடு; அதன் கதை கொஞ்சம் சாந்தமானது. அமெரிக்காவில் ஒருவர் கடற்கரையில் உட்கார்ந்து, தந்தியில் தட்டுகிற புள்ளியையும் கோட்டையும் யோசித்தபடி, மணலில் விரல்களைப் பதித்துத் தன் பக்கம் இழுத்திருக்கிறார். பட்டையும் மெலிசுமாகக் கோடுகள் விழுந்தன. அந்தக் கோட்டை வாசிக்கும் எந்திரம் பலசரக்குக் கடைக்கு வந்து சேர அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு ஆகியிருக்கிறது. முதலில் வாசிக்கப்பட்ட சாமான் ஒரு சூயிங்கம் பாக்கெட்டாம்.

எழுத்து முன்னால் வந்துவிட்டது, வாசிக்கத் தெரிந்தவர் பின்னால் வந்தார். மதுரையிலும் அப்படி ஓர் இடைக்காலம் இருந்தது. கோடு வந்துவிட்டது, எந்திரம் வரவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் எந்திரத்தின் வேலையை அத்தை பார்த்தார்.

அத்தை, அப்பாவுக்கு அக்கா. வாழ்க்கைப்பட்டது அடுத்த தெருவில் என்றாலும் காலைக் காப்பி முதல் விளக்கு வைக்கும்வரை எங்கள் வீட்டில்தான் இருப்பார். அவருக்கு யார்மேலும் கோபம் கிடையாது, சந்தேகம் மட்டும்தான். தேங்காயைக் குலுக்குவார், தட்டுவார், காதில் வைத்துக் கேட்பார், கடைசியில் கடைக்காரரின் முகத்தைப் பார்ப்பார். அந்த முகத்தை வைத்துத்தான் தேங்காயைப் பற்றி முடிவெடுப்பார்.

எங்கள் அப்பாவுக்குச் சிம்மக்கல்லில் சோப்பு, பவுடர், பிஸ்கட் மொத்தக் கடை. அவருடைய அப்பா காலத்திலிருந்தே நடக்கிற கடை. அம்மா அலங்காநல்லூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். இந்த வித்தியாசத்தை அத்தை அடிக்கடி எடுத்துச் சொல்வார். "வயக்காட்டுல வளந்த புள்ள, அதுக்கு என்ன தெரியும் பாவம்" என்பார். பிரியத்தோடுதான் சொல்வார். அதனால் அம்மாவால் கோபப்படவும் முடியாது. அம்மா எங்கள் வீட்டுக் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து நான் அதுவரை பார்த்ததில்லை. யாரும் உட்காரக்கூடாது என்று சொன்னதில்லை. உட்காரச் சொன்னதுமில்லை.

இப்படி இருக்கையில் அம்மாவின் தம்பி சிங்கப்பூர் போனார்.

கொஞ்ச நாளில், ஊருக்குத் திரும்பிய ஒருவர் கையில் மாமா முதல் பார்சலைக் கொடுத்து அனுப்பினார். சோப்பு, பவுடர், மிட்டாய், ஒரு மத்தி மீன் டின், குடை. எல்லாம் நாங்களும் பார்த்திருக்கிற சாமான்கள்தான். பார்த்திராத ஒன்று எல்லாவற்றின் முதுகிலும் இருந்தது. கறுப்புக் கோடுகள். கீழே பொடியாக எண்கள்.

தெருவே வந்து பார்த்தது. எதிர்வீட்டுத் தையல்காரர், அது சுங்கத்துறை முத்திரை என்றார். என் சிநேகிதியின் அண்ணன், அந்தக் கோட்டைக் கண்ணாடியில் காட்டினால் சீன எழுத்து தெரியும் என்று சொல்லி, நாங்கள் அத்தனை பேரும் கண்ணாடி முன்னால் நிற்க, எதுவும் தெரியாமல், "இந்தக் கண்ணாடி சரியில்ல" என்று போய்விட்டான். அத்தை சோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "சும்மா போட்ட கோடு இல்ல இது. எந்தச் சாமான் எந்த வீட்டுக்குப் போகுது, யாரு தேய்க்கிறான்னு அங்கிட்டு உக்காந்துக்கிட்டே பாக்குறதுக்குப் போட்டுருக்கான்."

அன்று எல்லோரும் சிரித்தோம். இன்று செல்போனில் ஒரு குக்கரைப் பார்த்துவிட்டு வாங்காமல் விட்டால், ஒரு வாரம் அந்தக் குக்கர் நான் போகும் இடமெல்லாம் வருகிறது. அப்போதெல்லாம் அத்தையை நினைத்துக்கொள்கிறேன்.

விரைவில் எங்கள் தெருவில் ஒரு சட்டம் நிலைத்தது. கோடு இருந்தால் ஃபாரின், இல்லாவிட்டால் லோக்கல். காலியான டப்பாக்களும் உறைகளும்கூடக் கூடத்துக் கண்ணாடி அலமாரியில், சாமி படத்துக்குக் கீழ்த்தட்டில் அடுக்கப்பட்டன. விருந்தாளிகளுக்கு முதலில் அலமாரி, அப்புறம்தான் காப்பி. அலமாரி பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் அம்மா என்பதால், பதில் சொல்ல வசதியாக அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அதன் பிறகு எழுந்திருக்கச் சொல்ல யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை. கல்யாணத்துக்கு எவ்வளவு செய்முறை செய்வது, எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்பதெல்லாம் அம்மாவிடமும் கேட்கப்பட்டது. வயக்காடு என்ற சொல் வீட்டில் புழக்கத்திலிருந்து போனது.

எனக்கும் இதில் லாபம் இருந்தது. என் வகுப்பில் எல்லோரும் தீப்பெட்டிப் படம் சேர்த்துக்கொண்டிருந்தபோது, நான் கோடு சேர்த்தேன். சாமான் காலியானதும் பிளேடால் கோட்டை மட்டும் சதுரமாக வெட்டி ஒரு மிட்டாய் டப்பாவில் போட்டுவைப்பேன். ஒரு கோட்டுக்குப் பத்துத் தீப்பெட்டிப் படம் தருகிறேன் என்று வந்தவர்களைக்கூட நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதில் மத்தி மீன் டின்னிலிருந்து உரித்த கோடுதான் எனக்குப் பிரியமானது. என் பேனா கசிந்து அதன் மூலையில் நீல மசிப் பொட்டு ஒன்று விழுந்துவிட்டது. அதனால் ஆயிரத்தில் கிடந்தாலும் அடையாளம் தெரியும்.

சந்தேகம் தொடங்கியது அத்தை மகனால்தான். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட அவனைச் சிங்கப்பூருக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று அத்தை மாமாவுக்குச் சொல்லி அனுப்பினார். மாமா சரி என்றார். பிறகு பார்ப்போம் என்றார். பிறகு இப்போது அங்கே ஆள் எடுப்பதில்லை என்றார். அத்தை முகத்தைத் தேங்காயிலிருந்து கடைக்காரர் பக்கம் திருப்பினார்.

"ஓந்தம்பி அனுப்புன பவுடரு இப்பல்லாம் மணக்கவே மாட்டேங்குதே" என்றார் ஒருநாள்.

"வர்ற வழியில காத்துப் போயிருக்கும் மதினி" என்றாள் அம்மா.

"அம்புட்டு தூரம்ல. போகத்தான் செய்யும்" என்றார் அத்தை. ஒப்புக்கொள்வதுபோலத்தான் இருந்தது. ஆனால் அன்று அவர் பவுடர் டப்பாவை மோந்து பார்த்த விதம், அது தேங்காயாக இருந்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பார்.

தீ பற்றியது ஒரு மதியச் சாப்பாட்டில். அப்பா கடையிலிருந்து வந்து உட்கார்ந்து, சாதாரணமாகச் சொன்னார்: "இன்னைக்கு சோப்புக் கம்பெனி ஆளு வந்துருந்தாப்ல. இந்த வெயில்ல டை கட்டிக்கிட்டு. இனிமே நம்ம சோப்புலயும் அந்தக் கோடு வருதாம்."

"நம்ம சோப்புக்கு எதுக்குக் கோடு?" என்றார் அத்தை.

"ஒலகம் பூரா வருதாம்க்கா. கோட்டுக்குக் கீழ நம்பர் இருக்குல்ல, மொத மூணப் பாத்தா எந்த நாட்டுதுன்னு தெரிஞ்சிருமாம். நம்ம நாட்டுக்கு எட்டு ஒம்பது சைபர். சிங்கப்பூருக்கு எட்டு எட்டு எட்டாம்."

அப்பாவின் தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவின் கரண்டி, தட்டைத் தாண்டிப் போய்த் தரைக்கு ஊற்றியது. அத்தை தரையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். "அப்படியா சங்கதி" என்று எழுந்து கை கழுவினார். அத்தை மோருக்குக் காத்திராமல் எழுந்ததை நான் பார்த்தது அப்போதுதான்.

நேரே கண்ணாடி அலமாரிக்குப் போனார். டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஒவ்வொன்றின் முதுகிலும் சதுரமாக ஓர் ஓட்டை.

"என்னத்தா இது, எலி கடிச்சாப்ல?"

"நான்தான் அத்தை வெட்டி வச்சுருக்கேன். என் டப்பாவுல இருக்கு" என்றேன் பெருமையோடு. என் சேகரிப்பைப் பார்க்க வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்பதற்காகத்தான் நான் அதுநாள்வரை காத்திருந்தேன்.

"எடுத்துட்டு வா, பாப்போம்."

நான் எழுவதற்குள் அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "அது பள்ளிக்கூடத்துல இருக்கு மதினி. டீச்சர் கேட்டு வாங்கி வச்சுருக்காக."

டப்பா என் கட்டிலுக்கடியில் இருந்தது. பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே அம்மா, கண் இமைக்காமல் பொய் சொல்லிவிட்டு, கதவோரம் வந்து நின்று என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எதிராகப் பேசிய பிள்ளைகள் எங்கள் தெருவில் கிடையாது. "ஆமா, டீச்சர்ட்ட இருக்கு" என்றேன்.

அன்றிலிருந்து நானும் சந்தேகப்பட ஆரம்பித்தேன். அத்தை மாமாவைச் சந்தேகப்பட்டார், நான் அம்மாவைச் சந்தேகப்பட்டேன். நிறைய யோசித்து, மாமா சோப்புக்குள் தங்கம் வைத்து அனுப்புகிறார், கோட்டில் அதற்கான குறிப்பு இருக்கிறது, அம்மா கூட்டாளி என்று முடிவுக்கு வந்தேன். ஒரு வாரம் காலையும் மாலையும் விடாமல் சிங்கப்பூர் சோப்பைத் தேய்த்துக் குளித்து அதைக் கரைத்துப் பார்த்தேன். தோல் வெளுத்ததுதான் மிச்சம். உள்ளே சோப்பு முடிந்த இடத்தில் வேறொன்றும் இல்லை. தங்கத்தை வேறு சோப்பில் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன். ஒரு சந்தேகத்தை ஆதாரம் இல்லாத காரணத்துக்காகக் கைவிடக்கூடாது என்று எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. அத்தையின் ரத்தம்தானே.

அத்தைக்கு அவசரம் இல்லை. என் மூன்று வயதுத் தம்பிக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும், பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். "காதுகுத்துக்கு ஓந்தம்பி வருவாருல்ல? சீர்த்தட்டு வரும்ல? அப்பப் பாத்துக்குவோம்" என்று அம்மாவிடம் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அந்தச் சிரிப்பின் கனம் அம்மாவுக்குத் தெரியும். ஊர்கூடியிருக்கும்போது தாய்மாமன் சீர் பொய் என்று ஆகிவிட்டால், தட்டோடு திருப்பி அனுப்புவார்கள். அப்புறம் அம்மாவின் பிறந்த வீட்டார் எங்கள் வீட்டுப் படி ஏற முடியாது. அம்மாவுக்கு நாற்காலி போவது இருக்கட்டும், அந்த வீட்டில் நிமிர்ந்து நிற்கவும் முடியாது.

காதுகுத்துக்கு முதல்நாள் மத்தியானம் மாமா ஆட்டோவில் வந்து இறங்கினார். ஒரு பெரிய பெட்டி, இரண்டு சாக்கு மூட்டை. அத்தை வாசலிலேயே தொடங்கிவிட்டார்.

"வாங்க தம்பி. பிளேன்ல சோறெல்லாம் போட்டாகளா?"

"போட்டாகக்கா."

"என்ன சோறு?"

மாமா கொஞ்சம் யோசித்தார். "தயிர்ச் சோறு."

"தொட்டுக்க?"

"ஊறுகா."

"பரவால்லையே" என்றார் அத்தை. "சிங்கப்பூர்ல இப்ப மணி என்ன இருக்கும்?"

மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்து மணி சொன்னார். எங்கள் கூடத்துச் சுவர்க்கடிகாரம் காட்டிய அதே மணி. அம்மா இருமினாள். செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த அப்பா, தாளை இறக்காமலே, "அங்க ரெண்டரை மணி நேரம் முந்தில்ல இருக்கும் மாப்ள? ஊருக்கு வந்ததும் கடிகாரத்த மாத்தி வச்சுட்டீகளாக்கும்" என்றார்.

"ஆமா மச்சான். மாத்தி வச்சுட்டேன்" என்றார் மாமா. அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மத்தியானத்துக்குமேல் அம்மாவும் மாமாவும் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு சீர் அடுக்கினார்கள். யாரும் வரக்கூடாது, தாய்மாமன் சீரை முன்கூட்டியே பார்க்கக்கூடாது என்றாள் அம்மா. அப்படி ஒரு வழக்கம் எங்கள் வீட்டில் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. மறுநாள் விடியுமுன் அம்மா அடுப்படிக்கு வந்து மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினாள்.

"எதுக்கும்மா பசை?"

"பந்தல்ல கலர்த்தாள் ஒட்ட."

காதுகுத்து நடப்பது திருவாதவூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் குலசாமி கோயிலில், வேப்பமரத்தடியில். அங்கே பந்தலே கிடையாது. இதை நான் குறித்துக்கொண்டேன். குறித்துக்கொண்டு, அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்று தவறாக முடிவு கட்டினேன்.

கோயிலுக்குக் கிளம்புகிற நேரத்தில், உறவுக்காரப் பிள்ளைகளிடம் காட்ட என் டப்பாவை எடுத்தேன். திறந்தால் அடியில் நாலைந்து கோடுகள் மட்டும் கிடந்தன. மற்றதெல்லாம் போயிருந்தது. மத்தி மீனும் போயிருந்தது. ஐந்தில் தொடங்குகிற கோடு இருந்தது, ஒன்பதில் தொடங்குகிற கோடு இருந்தது. எட்டில் தொடங்கியது ஒன்றுகூட இல்லை. இப்படிப் பொறுக்கி எடுக்கிற திருடன் யாராக இருக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். நானோ நேரே தம்பியைச் சந்தேகப்பட்டேன். மூன்று வயதில், எண்ணே தெரியாத பையன். அன்றைக்கு அவனுக்கு மொட்டையடித்துக் காது வேறு குத்தப் போவதால், தண்டனை தானாகவே நடந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

கோயிலில் மேளம் முழங்க மாமா சீர்த்தட்டுகளோடு வந்தார். பழம், தேங்காய், பட்டுத்துணி, அப்புறம் மூன்று தட்டு நிறையச் சிங்கப்பூர்ச் சாமான். சோப்பு, பவுடர், பற்பசை, பிஸ்கட். எல்லாவற்றையும் கோடு மேலே தெரிகிற மாதிரி அடுக்கியிருந்தார்கள். அத்தை முன்னால் வந்து கையைக் காட்ட, மேளம் நின்றது.

"தம்பி, இங்கிட்டு வா" என்று அப்பாவைக் கூப்பிட்டார். தட்டிலிருந்து ஒரு சோப்பை எடுத்து நீட்டினார். "எனக்குப் பொடி எழுத்து தெரிய மாட்டேங்குது. மொத மூணு நம்பர வாசி. எல்லாருக்கும் கேக்குறாப்ல வாசி."

சுற்றியிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மாமா தம்பியை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அம்மா என் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் கையில் லட்டுத் தட்டு இருந்தது.

அப்போதுதான் நான் பார்த்தேன். அத்தை நீட்டிய சோப்பின் முதுகில், கோட்டின் மூலையில், நீல மசி. என் மசி. என் மத்தி மீன், சோப்பில் ஏறி உட்கார்ந்திருந்தது.

"அம்மா, அது என்னோட மீனு" என்று நான் சொல்லத் தொடங்கியதுமே ஒரு முழு லட்டு என் வாய்க்குள் போயிற்று. உள்ளே போன வேகத்தில் என் பல்லிலும் இடித்தது.

"என்ன மீனு?" என்றார் அத்தை, திரும்பி.

"மீன் கொழம்பு வேணுமாம் மதினி" என்றாள் அம்மா. "கோயில்ல வந்து நின்னுக்கிட்டு, பாருங்க இவளை."

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். நான் லட்டோடு போராடிக்கொண்டிருந்தேன். பேச்சு வரவில்லை, நெய் மட்டும் வந்தது.

அப்பா சோப்பை வாங்கினார். கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். பழக்கதோஷம், ஒருமுறை மோந்தும் பார்த்தார். சிம்மக்கல்லில் அவரை மோந்து பார்க்கவிட்டால் சோப்பின் ஜாதகமே சொல்வார் என்பார்கள். கட்டைவிரலைக் கோட்டின்மேல் வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு கோயில் மணி மாதிரி எல்லோருக்கும் கேட்கிற குரலில் வாசித்தார்: "எட்டு. எட்டு. எட்டு."

அத்தை பவுடரை எடுத்துக் கொடுத்தார். "எட்டு எட்டு எட்டு." பற்பசை. "எட்டு எட்டு எட்டு."

"எல்லாமேயா?"

"எல்லாமேதான்க்கா" என்று சொல்லிவிட்டு, அப்பா கட்டைவிரலை வேட்டி ஓரத்தில் இரண்டு மூன்று தடவை அழுத்தித் துடைத்தார். மேளக்காரரைப் பார்த்து, "ஏன் நின்னு போச்சு? அடிங்கண்ணே" என்றார்.

மேளம் மறுபடி எழுந்தது, தம்பியும் வீரிட்டான். ஆனாலும் அத்தை விடவில்லை. காது குத்தி முடிந்து சாப்பாட்டுப் பந்தியில் மாமாவுக்கு நேரெதிரே உட்கார்ந்தார். "அப்ப என் மகனை எப்பக் கூட்டிட்டுப் போறீக தம்பி?"

மாமா தண்ணீர் டம்ளரைத் தேடினார். பரிமாறிக்கொண்டு வந்த அப்பா சாம்பார் வாளியைக் கீழே வைத்தார். "அவனை எதுக்குக்கா அம்புட்டு தூரம் அனுப்பிட்டு நீ தனியா கெடக்கணும்? எனக்குக் கடைக்கு ஆள் வேணும். திங்கக்கெழமையிலருந்து வரச் சொல்லு."

அத்தை அப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த முகத்தில் என்ன கண்டாரோ, "அப்பளம் இன்னொண்ணு போடு" என்றார். அத்தோடு சிங்கப்பூர் விசாரணை முடிந்தது. இன்று அந்தக் கடையை நடத்துவது அத்தை மகன்தான். கல்லாவில் கோடு வாசிக்கிற எந்திரம் இருக்கிறது. சாமானைக் காட்டினால் ஒரு சத்தம் போடுகிறது, யாரையும் சந்தேகப்படுவதில்லை.

நான் கல்லூரியில் படிக்கும்போது, ஒருநாள் பூண்டு உரித்துக்கொண்டே அம்மா இதைச் சொன்னாள். மாமா சிங்கப்பூரில் இருந்தது சில மாதம்தான். அழைத்துப்போன ஏஜெண்ட் கொடுத்த தாள் செல்லாது என்று அங்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வர வெட்கப்பட்டு, சென்னையில் துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்குக் கிட்டங்கியில் மூட்டை அடுக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு அங்கே கிடைத்த வெளிநாட்டுச் சாமானை வாங்கித்தான் அக்காவுக்கு அனுப்பினார். அதை அவர் அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தார். காதுகுத்துக்குக் கொண்டுவந்ததில் பாதிக்குக் கோடே இல்லை, மீதிக்கு எட்டு ஒன்பது சைபர். முதல் சில பார்சல்களில் வந்த நிஜச் சிங்கப்பூர்க் கோடுகள் எங்கே இருக்கின்றன என்று அம்மாவுக்குத் தெரியும். எந்திரம் ஒன்று அன்று அந்த வேப்பமரத்தடியில் இருந்திருந்தால், சோப்பைப் பார்த்து மத்தி மீன் என்றும், பற்பசையைப் பார்த்துக் குடை என்றும் சொல்லியிருக்கும். நல்லவேளை, அத்தைக்கு மூன்று எண் போதுமாக இருந்தது.

அந்த மூன்று எண்ணும்கூட, சாமான் எங்கே வாங்கியது என்று சொல்லாது, கம்பெனி எந்த நாட்டில் எண் வாங்கியது என்றுதான் சொல்லும் என்று இப்போது வாசித்தேன். நிஜமாகச் சிங்கப்பூர்க் கடையில் வாங்கிய சாமான் என்றால் எண்கள் கலந்துகட்டித்தான் இருந்திருக்கும், என் டப்பாவில் இருந்ததுபோல. மூன்று தட்டிலும் எட்டு எட்டு எட்டு என்று இருந்ததுதான் அந்தச் சீரிலேயே சந்தேகப்பட வேண்டிய விஷயம்.

அதை விடுங்கள். அன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

வீடு திரும்பியதும் நான் வாசற்படியில் உட்கார்ந்து, என் கோடெல்லாம் திருடுபோய்விட்டது என்று அழுதேன். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திருடன் யார் என்று கேட்கவில்லை. உள்ளே போய், சோப்புக் கம்பெனி ஆள் மாதிரிக்குக் கொடுத்துவிட்டுப் போன புது உறைகள் ஒரு கட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். எல்லாவற்றிலும் பளபளவென்று கோடு. எல்லாம் எட்டு ஒன்பது சைபர்.

"இது லோக்கல்ப்பா" என்றேன் வெறுப்போடு.

"வச்சுக்க. ஒரு நாளைக்கு ஆகும்" என்றார் அப்பா. எழுந்து போகும்போது நின்று, கட்டைவிரலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "ஓங்கம்மாட்ட ஒண்ணு சொல்லிரு. மைதாப் பசை சீக்கிரம் காயாதாம். அடுத்த தடவை ராத்திரியே ஒட்டி வச்சுறச் சொல்லு."

நான் அடுப்படிக்குப் போய் ஒரு சொல் மாறாமல் அப்படியே சொன்னேன். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"யாரு சொன்னா?"

"அப்பா."

"வேற என்ன சொன்னாரு?"

"வேற ஒண்ணும் சொல்லல."

அம்மா சாம்பல் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். முதலில் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் கண்ணில் தண்ணீர். பசை காயாததற்கு ஒருத்தி எதற்கு அழ வேண்டும், அழுகிறவள் எதற்கு நடுவில் சிரிக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அதைப் பற்றி ரொம்ப யோசிக்கவும் இல்லை. என் மத்தி மீன் கோட்டை யாரிடம் போய்க் கேட்பது என்பதுதான் அப்போது என் கவலை.